எச்சில்

எங்கள் பாட்டிக்கு எச்சில் என்றால் ஆகாது. காப்பி டம்ளர் உதட்டில் பட்டுவிட்டால் போதும், கையை அலம்பிவிட்டு வரச் சொல்வாள். அதே பாட்டி, நான் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், விடியற்காலையில் பல் விளக்குமுன் தன் விரலை நாக்கில் தொட்டு அதன்மேல் தடவுவாள். "பேசாமல் இரு, ஆறிடும்" என்பாள். அந்தச் சூட்சுமம் எனக்குப் பிடிபட அறுபது வருஷம் ஆயிற்று.

சென்ற வருஷம் அறுபத்துமூவர் உற்சவத்தன்று செருப்பில்லாமல் மாடவீதியைச் சுற்றினேன். பங்குனி வெயிலில் தார்ச்சாலை சுடவே இல்லை. சர்க்கரை வியாதிக்காரனுக்கு அது நல்ல சகுனமல்ல. மறுநாள் பாதத்தில் கொப்புளம், பிறகு புண். ஒரு மாதமாகியும் ஆறவில்லை. காலையே எடுக்க நேரும் என்று டாக்டர் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

என் பேத்தி ஆராய்ச்சிக்கூடத்தில் செல்களை வளர்க்கிறவள். அவற்றை வளரத் தூண்ட ஒரு புரதம் ஊற்றுவாளாம். 1962-ல் ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்கர் எலியின் எச்சில் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தது. அதைக் குட்டி எலிக்கு ஊசி போட்டால், இரண்டு வாரத்தில் திறக்கிற கண் ஒரே வாரத்தில் திறந்துகொண்டதாம்! 1986-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இப்போது எலி வேண்டாம். மனித ஜீனை பாக்டீரியாவுக்குள் புகுத்தினால் அதுவே செய்து கொடுத்துவிடுகிறது. நம் எச்சிலிலும் இந்தச் சரக்கு உண்டு என்றாள்.

"ஒரு குப்பி கொண்டு வாயேன், காலில் தடவலாம்."

"ஆராய்ச்சிக்கு மட்டும்னு சீசாவிலேயே போட்டிருக்கு தாத்தா."

"புரதம் ஒன்றுதானே?"

"ஒண்ணுதான். ஆனா மனுஷா உடம்புக்கு ஆகும்னு யாரும் அந்தக் குப்பியைச் சோதிச்சுப் பார்க்கலை. பாக்டீரியாவோட மிச்சம் துளி இருந்தாலும் ஆபத்து. தட்டிலே செல் செத்தா வேறே வளர்ப்பேன்."

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. தூக்கி வளர்த்த பெண், ஒரு சிட்டிகைப் பொடிக்கு இப்படிச் சட்டம் பேசுகிறாளே என்ற கோபம். மூன்றாம் நாள் அவளே என்னை டாக்டரிடம் அழைத்துப் போய், எனக்காகக் கேட்டாள். இதே புரதத்தை ஹைதராபாத் பாரத் பயோடெக் கம்பெனி சர்க்கரைப் புண்ணுக்கென்றே, நோயாளிகளிடம் சோதித்து, களிம்பாகக் கொண்டுவந்திருக்கிறதாம். "அது அப்புறம். முதலில் சர்க்கரை இறங்கட்டும், காலை ஊன்றாதீர்கள்" என்றார் டாக்டர். பாட்டி வைத்தியத்தைச் சொன்னேன், பதறிவிட்டார். வாயில் கிருமியும் இருக்கிறதல்லவா?

புண் ஆற நாலு மாதம் பிடித்தது. களிம்புக்கு வேலை வரவில்லை. தினமும் கட்டு மாற்றியவள் பேத்திதான்.

இந்தப் பங்குனியில் மாடியில் நின்று சேவித்தேன். நாயன்மார்கள் வரிசையாக வந்தார்கள். கபாலீசுவரர் திரும்பியதும், என்னையறியாமல் செருப்பைக் கழற்றப் போனேன்.

"தாத்தா!" என்றாள்.