மலையடியில் ஒரு மகாநாடு

இக்கல்வியாண்டின் தொடக்கத்தில், நாட்டுப்பாடல்களைப் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை படிக்குமாறு நம் தமிழாசிரியரவர்கள் பணித்தார்கள். மாணாக்கர் வழக்கப்படி நாம் முதலில் நூல்நிலையத்தையே நாடினோம். சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் தென்னாட்டு மக்கட் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கி 1871-இல் வெளியிட்டார் என்பது முதலிய செய்திகளைக் குறித்துக்கொண்டோம். ஆயினும் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது, அமெரிக்காவில் 1989-இல் தோன்றிய நாட்டுப்புற இசை மகாநாடு ஒன்றைப் பற்றிய செய்தியே.

கலிபோர்னியா மாநிலத்து மாலிபு என்னும் ஊரிற் சிறு கூட்டமாகத் தொடங்கிய அம்மகாநாடு, இன்று ‘ஃபோக் அலையன்ஸ் இன்டர்நேஷனல்’ என்னும் அமைப்பின் பெயரால் ஆண்டுதோறும் கூடுகின்றது. 2025-இல் கனடா நாட்டு மொன்றியால் நகரிற் கூடிற்று. பாடகரும், விழா நடத்துவோரும், இசைத்தட்டு வெளியிடுவோரும், வானொலியாரும், முகவரும் ஒரே விடுதியிற் சில நாள் ஒருங்கு தங்குகின்றனர். பகலிற் கலந்துரையாடல் நடைபெறும்; இரவிலோ தங்கும் அறைகளே அரங்குகள் ஆகிவிடும். ஓர் அறையில் ஒருவர் பாட, வந்தோர் தரையிலும் சுவரோரத்திலும் அமர்ந்து கேட்டு, அடுத்த அறைக்குச் செல்வர். பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவர் பாடியவரைத் தம் ஊர் விழாவிற்கு அழைப்பர். அவர்க்கு அதனாற் பிழைப்புக்கு வழி பிறத்தலும் உண்டு.

இவற்றை வகுப்பில் எடுத்துரைத்து, “நம் நாட்டில் இத்தகைய மகாநாடு ஒன்று இல்லையே!” என்று வருந்தினோம். ஆசிரியரவர்கள் புன்முறுவல் பூத்தார்கள். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் என்னும் கிறிஸ்தவ மருத்துவர் 1912 முதல் 1916 வரை தம் பொருளைச் செலவிட்டு இசைப்புலவர்களைக் கூட்டிச் சுருதியாராய்ச்சி செய்வித்ததையும், 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைஞர்களை நகரத்துப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் அழைத்து வந்ததையும் நினைவூட்டினார்கள். பின்பு, “பாடுவோரும் அவர்களை அமர்த்துவோரும் கூடும் இடத்தைத்தானே தேடுகின்றீர்? ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிக்குப் போய் வாரும்” என்றார்கள்.

நம் விடுதித் தோழர் ஒருவரின் இல்லம் அவ்வூரில் உள்ளது. அவருடன் புகைவண்டி ஏறினோம். அரக்கோணத்தைக் கடந்தவுடனே பெட்டியிற் பேச்சு இருமொழியாயிற்று. மஞ்சளாடை உடுத்த அன்னையர் தெலுங்கில் வினவ, எதிரில் இருந்தோர் தமிழில் விடையளித்தனர். ஒருவர்க்கும் அது புதுமையாகத் தோன்றவில்லை. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபொழுது ஆந்திரத்தைச் சார்ந்திருந்த திருத்தணி, 1960-இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு ஊருக்கு அப்பாற் சென்றதேயன்றி, ஊராரின் நாவிலிருந்து தெலுங்கு செல்லவில்லை.

குன்றின்மேல் ஏறும் 365 படிகளும் காவடிகளால் நிறைந்திருந்தன. ‘அரோகரா’ என்னும் ஒலியினூடே பம்பையும் உடுக்கையும் அதிர்ந்தன. அவ்வதிர்ச்சியில் நம் கால்கள் தாமாகவே தாளமிட்டதைக் கண்டு சிறிது நாணினோம். திருச்சபையிற் சேர்ந்த நாளில் நம் முன்னோர் பறையை வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டனர் என்று நம் பாட்டியார் கூறுவதுண்டு. வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி வடிவிற் பெத்லகேமைப் பாடியதும், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு அவர்கள் ஏழை மக்களின் மெட்டுக்களிலேயே வழிபாட்டுப் பாடல்களை அமைத்ததும் அப்பொழுது நினைவுக்கு வந்தன. பரணில் ஏறியது பறை மட்டுமே போலும். தாளம் எம்முடனேயே இருந்திருக்கின்றது.

மலையடியில், சரவணப் பொய்கைக்குச் சற்றுத் தொலைவில், ஒரு புளியமரத்து நிழலில் ஆசிரியரவர்கள் கூறிய மகாநாட்டைக் கண்டோம். பம்பைக்காரர், உடுக்கைக்காரர், நாயனக்காரர், தவிற்காரர் எனக் குழுக்குழுவாகப் பலர் அமர்ந்திருந்தனர். காவடி எடுத்து வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் சிறிது நேரம் நின்று கேட்பார், கூலி பேசுவார், வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுப்பார், உடனே குழு எழுந்து படியேறும். கையிற் குறிப்பேட்டுடன் திரிந்த தரகர் ஒருவர், நகரி, புத்தூர், சோளிங்கர் முதலிய ஊர்களின் அம்மன் திருவிழாக்களுக்கு ஆள் அமர்த்திக்கொண்டிருந்தார். அவர் ஏட்டில், ‘பம்பை செட் ஒன்று, நாயனம் இரண்டு’ என்றே எழுதியிருந்தது. மொன்றியாலிற் பாடகரும் பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் அணிந்திருப்பர். இம்மரத்தடியிற் கலைஞர்க்குக் கருவியின் பெயரே பெயராய் இருந்தது. இவ்வேற்றுமையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, நம் நுண்ணறிவை நாமே மெச்சிக்கொண்டோம்.

அக்கூட்டத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர், பம்பையை இடையிற் கட்டிக்கொண்டு, வள்ளி தினைப்புனம் காத்த கதையைப் பாடினார். தமிழில் ஓரடி செல்லும். மறுவடி தெலுங்கில் வரும். தாளமோ இடையறாது ஓடும். நாம் கைப்பேசியில் ஏழு நிமிடம் பதிவு செய்துகொண்டு, ஐம்பது ரூபாய் கொடுத்தோம். அவர், “எந்த ஊர் தம்பி? பேர் என்ன?” என்று அன்புடன் வினவினார். ஊரும் பேரும் கூறிவிட்டு, புகைவண்டிக்கு நேரமாயிற்றென்று விரைந்தோம்.

கட்டுரை வகுப்பிற் பாராட்டுப் பெற்றது. ‘பாடலாசிரியர் பெயர் தெரியவில்லை, நாட்டுப்பாடல்களின் இயல்பு இதுவே’ என்று அதில் எழுதியிருந்தோம். ஐப்பசித் திங்களிற் கல்லூரிக் கலைவிழா வந்தது. தோழியர் சிலர் அப்பதிவுக்கு நடனமாடி முதற்பரிசு பெற்றனர். பரிசளிப்பின்போது ஆடினோர், உடை தைத்தோர், ஒலிபெருக்கியை இயக்கினோர், பதிவு செய்த நாம் என ஒவ்வொருவர் பெயரும் மேடையில் வாசிக்கப்பெற்றது. அவ்வேழு நிமிடமும் மண்டபத்தை ஆட்டிவைத்த குரலுக்கு உரியவர் பெயர் மட்டும் இல்லை. கீழே இறங்கியபொழுது ஆசிரியரவர்கள் நம்மை அழைத்து, “அவர் பெயர் தெரியவில்லையா, நீர் கேட்கவில்லையா?” என்று மெல்ல வினவினார்கள். நாம் விடையிறுக்கவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சட்டம் பயிலும் நண்பர் ஒருவரிடம் மறுநாள் இதனைக் கூறினோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திற்கு 2012-இற் செய்த திருத்தம், வணிகப் பயனில் நிகழ்த்துநர்க்குப் பங்கு தருவதோடு, தம் நிகழ்ச்சிக்குத் தாமே உரியவர் என அறியப்பெறும் உரிமையையும் வழங்கியுள்ளது என்று அவர் விளக்கினார். சட்டம் ஏட்டில் இருக்க, மரத்தடியில் இருப்பவர்க்கு அதனைக் கொண்டு சேர்ப்பவர் யார்? தரகர் ஏட்டைக் குறைகூறிய நாமே அவரினும் குறைந்து போனோம். அவராவது அச்சாரம் கொடுத்திருந்தார்.

நடனமாடிய தோழியர் மனமுவந்து பரிசுத்தொகையிற் பாதியை நம்மிடம் அளித்தனர். திசம்பர் 31-ஆம் நாள் காலையில் மீண்டும் திருத்தணி அடைந்தோம். அன்று படித்திருவிழா, பஜனைக் குழுவினர் படிதோறும் பூசித்துப் பாடிக்கொண்டு ஏறினர். அக்கூட்டத்தில் நாம் தேடியவர் இல்லை. தோழர் நாயனக்காரர் ஒருவரிடம் பதிவைப் போட்டுக் காட்டினார். இரண்டு அடி கேட்டதும், “இது நம்ம அண்ணன் குரலாச்சே!” என்று அவர் நகரிச் சாலையிலுள்ள சிற்றூருக்கு வழி சொன்னார்.

பெரியவர் திண்ணையில் அமர்ந்து பம்பைக்குத் தோல் இறுக்கிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் நம் பெயரைச் சொல்லியே அழைத்தார்! நாம் செய்ததையெல்லாம் கூறி மன்னிப்பு வேண்டினோம். அவர் பணத்தை எண்ணி, உடுக்கைக்காரர்க்கென ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்தார். பின்பு பாடலின் வரலாற்றை உரைத்தார். தமிழடிகள் நாற்று நடும்பொழுது அவர் தாயார் கட்டியவை. தெலுங்கடிகள் புத்தூர்ப் பக்கத்தவரான அவர் மாமனார் சேர்த்தவை. இரண்டையும் ஒரு தாளத்திற் கோத்தவர் அவரே. ஆசிரியர் இல்லாத பாட்டென்று நாம் எழுதியதற்கு மூவர் ஆசிரியர்.

அமெரிக்க மகாநாட்டைப் பற்றியும் கூறினோம். வியப்புடன் கேட்டவர், “அங்கே போனா அச்சாரம் குடுப்பாங்களா தம்பி?” என்றார். அனைவரும் நகைத்தோம். எனினும் அக்கேள்வி நியாயமானதே. மேடை தருவோர் பலர் உளர். பெயரும் பங்கும் முன்னரே பேசி, எழுதிக் கொடுப்போர் சிலரே.

விடைபெறும்பொழுது, “கல்லூரி மலரில் தங்கள் பெயரை எழுதலாமா, ஐயா?” என்று கேட்டோம். “பாட்டுக்குப் பக்கத்துல எழுதுங்க. உங்க வருத்தத்துக்குப் பக்கத்துல எதுக்கு?” என்றார். அதனால் இங்கே எழுதவில்லை. தமிழ்த்துறைப் பதிவேட்டில் ‘பெயர் தெரியவில்லை’ என்ற வரியை அடித்து, மூவர் பெயரையும் எழுதியுள்ளோம்; விரும்புவோர் அங்குச் சென்று காணலாம்.

அன்றிரவு ஆண்டிறுதி ஆராதனைக்கு நேரத்தில் வந்து சேர்ந்தோம். அவ்வாண்டில் கர்த்தருக்குள் உறங்கினோர் பெயர்களைப் போதகரவர்கள் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு வரிசையிலிருந்து விம்மல் எழுந்தது. முன்னெல்லாம் அப்பட்டியலின் நீளம் நம்மைச் சலிப்படையச் செய்யும். அன்று ஒரு பெயரையும் தவறவிடாது கேட்டோம்.

உடன்பயிலும் அன்பர்காள்! கோடை விடுமுறையில் நம்மிற் பலர் சிற்றூர்களுக்குச் செல்வோம். ஆங்கே தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் நம் செவிக்கு எட்டும். கைப்பேசியும் கையில் இருக்கும். அதனை இயக்குமுன் பாடுவோரின் பெயரையும், அப்பாட்டை அவர்க்குத் தந்தோர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வோமாக. நாம் இரண்டாம் முறை திருத்தணிக்குப் போக நேர்ந்தது, முதன்முறை அதனைக் கேளாமையால்.