50 வாட் உள்ளே... 14 வாட் வெளியே!

"உன் ரேடியோ நம்மூர்ல கேக்குமா பாப்பா?"

போன் பண்ணும்போதெல்லாம் அப்பா கேட்கிற முதல் கேள்வி இதுதான். நம்மூர்னா, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல மணல்திட்டு மேல இருக்கிற ஒரு குப்பம். நான் சென்னையில இ.சி.இ. மூணாவது வருஷம். காலேஜ் எஃப்.எம்.ல இன்டர்ன். ஆர்.ஜே.னு நினைச்சுடாதீங்க. மைக் பக்கமே விடமாட்டாங்க. டிரான்ஸ்மிட்டர் ரூம்ல லாக் புக் எழுதுற ஆள்!

"கேக்காதுப்பா. 60 கிலோமீட்டர்லாம் வராது."

"அப்ப நம்மூர்லயே ஒண்ணு வெச்சா?"

சும்மா கேட்கலை அவர். எங்க பக்கம் முகத்துவாரத்தை மணல் மூடிட்டா படகு கடலுக்குப் போக முடியாது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுற நாள்ல கடலுக்குப் போகக் கூடாது. புயல் சமாச்சாரம் வேற. இதையெல்லாம் எங்க பேச்சுல, எங்க ஆளே சொன்னா எப்படி இருக்கும்? பாம்பன்ல 2016-ல இருந்து மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை 90.4' இருக்கே! லைசென்ஸ் தனி ஆளுக்குக் கிடைக்காது. ஆனா 2006-க்கு அப்புறம் லாப நோக்கமில்லாத அமைப்புகளும் கேட்கலாம். அதனால அப்பாவோட கனவு ஒண்ணும் பைத்தியக்காரத்தனம் இல்லை.

"50 வாட் போதும்பா, பத்து கிலோமீட்டர் ஈஸியா போகும்"னு நானும் அளந்து விட்டிருந்தேன். அந்த மழைக்காலம் வரைக்கும்.

ஐப்பசி மழை முடிஞ்சதும், கொஞ்சம் தள்ளியிருக்கிற ஏரியாக்கள்ல எங்க ஸ்டேஷன் கேட்கலைனு ஒரே புகார். நான் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்தேன். 50 வாட், கரெக்ட். அடுத்து எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். ஆன்டெனா வாங்கிக்காம திருப்பி அனுப்புற பவர் எவ்வளவுனு அதுல தெரியும். 1-னா பர்ஃபெக்ட். எனக்கு 1.2 காட்டுச்சு. போன மாசத்தைவிட பெட்டர்! 'எல்லாம் ஓ.கே.'னு லாக் புக்ல எழுதி கையெழுத்தும் போட்டுட்டேன். ஒரு வாரம் அதே ஓ.கே. ஏழு கையெழுத்து.

எட்டாவது நாள் டெக்னீஷியன் அண்ணன் வந்தார். "ஏம்மா, மழைக்கு அப்புறம் மீட்டர் நல்லாயிடுச்சுன்னா சந்தேகம் வர வேணாமா?" அவ்ளோதான் கேட்டார். டவர்ல இருந்து 35 மீட்டர் கேபிளையும் இறக்கச் சொன்னார். ஒரு முனையில டிரான்ஸ்மிட்டர். மறு முனையில வாட் மீட்டரும் டம்மி லோடும்.

உள்ளே 50. வெளியே 14.

விஷயம் இதுதான் மக்களே. எந்த கோஆக்ஸியல் கேபிளும் கொஞ்சம் பவரைத் தின்னும், சூடாக்கிக் கரைச்சுடும். எங்களோடது ஆர்.ஜி. 213. எஃப்.எம். அலைவரிசையில 100 மீட்டருக்கு 6.7 டெசிபல் மாதிரி போகும். 3 டெசிபல்னா பாதி காலி. எங்க 35 மீட்டர்ல, புதுசா இருந்தப்பவே 29 வாட்தான் மேலே போயிருக்கும். இதுல மேல் கனெக்டர் வழியா மழைத்தண்ணி வேற இறங்கி, செம்புப் பின்னலுக்குள்ளேயே ஊறிப் போயிடுச்சு.

அப்போ மீட்டர் ஏன் நல்லாக் காட்டுச்சு? ஆன்டெனா திருப்பி அனுப்புற பவரும் அதே கேபிள் வழியாத்தானே கீழே வரணும்? வர்ற வழியில அதையும் கேபிள் தின்னுடுச்சு. கீழே உட்கார்ந்திருக்கிற மீட்டருக்கு எதுவுமே திரும்பி வரலைனு தோணும். கேபிள் கெடக் கெட ரீடிங் அழகாகும். செமஸ்டர்ல இதே கணக்குக்கு 16 மார்க் வாங்கினவ நான்!

பவர் கால்வாசி ஆனா தூரமும் கால்வாசி ஆகிடாது. ஆனா எஃப்.எம். சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனா டக்குனு இரைச்சல்ல விழுந்துடும். ஊர் நடுவுல இருக்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. ஓரத்துல, தண்ணி மேல இருக்கிறவனுக்குத்தான் முதல்ல நின்னு போகும். எங்க ஊர்க் கணக்குல அந்த ஓரம்னா அப்பாவோட படகு.

கெட்ட கேபிள்ல ஒரு முழம் அறுத்து, தீபாவளி லீவுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். அப்பா உறையைக் கிழிச்சார். செம்பு பச்சையும் கறுப்புமா பூத்திருந்தது.

"மழைத்தண்ணிக்கே இப்படியா? இங்க உப்புக் காத்துமா! எந்த மூடியும் போட்டு மூடு, உள்ள பூந்துடும்."

மறுநாள் ரெண்டு பேரும் இடம் பார்க்கக் கிளம்பினோம். கரன்ட் நல்லா வர்ற கட்டடத்துல இருந்து டவருக்குத் தோதான மேடு வரைக்கும் அப்பா எட்டு வெச்சு அளந்தார். 90 அடி. அதோட டவர் 30 மீட்டர். மொத்தம் 57 மீட்டர்! மணல்லேயே குச்சியால கணக்குப் போட்டேன். ஆர்.ஜி. 213 போட்டா 21 வாட்தான் மிஞ்சும். அரை இஞ்ச் மொத்தத்துல செம்புக் குழாய் மாதிரி வர்ற கேபிள் போட்டா 37 வரைக்கும் கிடைக்கும். விலை எகிறும்.

"டிரான்ஸ்மிட்டரை டவர் அடியிலேயே வெச்சுடலாம்ப்பா. பேசுற குரலை மட்டும் 90 அடி ஒயர்ல கொண்டு போனா பெருசா ஒண்ணும் குறையாது."

அப்பா மேட்டையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். "கேபிளையே தின்ன உப்பு, உன் மெஷினை விட்டு வெச்சுடுமா?"

நான் குச்சியைக் கீழே போட்டுட்டேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி, கொண்டு போயிருந்த புது கேபிள்ல ரெண்டு முழம் அறுத்தோம். ஒண்ணுக்கு ரெண்டு முனையிலயும் ரப்பர் டேப் இழுத்துச் சுத்தியாச்சு. இன்னொண்ணை அப்படியே திறந்து விட்டுட்டோம். வலை காயப் போடுற கம்புல ரெண்டும் தொங்குது. பொங்கல் லீவுக்குப் போய் அறுத்துப் பார்க்கணும். அதுக்குள்ள அம்மா அதுல துணி காயப் போடாம இருக்கணும்!