ஜானவாசக் காரும் நைனாவின் தோளும்

நைனா அன்றைக்கு ஸ்பூனில் சோறு சாப்பிட்டார். அதுவும் இடது கையில். மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிடாத நைனாவை என் 26 வயதில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"இன்னாச்சு நைனா?"

"தூக்கத்துல தோள் பிசகிக்கிச்சும்மா."

பொய். முதல் நாள் மாலை மயிலாப்பூரில் ஒரு ஜானவாசம். மாப்பிள்ளையை உட்கார வைத்து வண்டி ஓட்டியவர் எங்கள் நைனா.

எங்கள் வீடு நொச்சிக்குப்பத்தில். 2004 சுனாமியில் நைனாவின் படகு போனது. அதற்குப் பிறகு கடலுக்குப் போக மனசு வராமல் டிரைவர் ஆனார். கொஞ்ச வருடங்களில் சாந்தோமில் ஒரு பெரியவரின் 1963 மாடல் செவர்லே இம்பாலா அவர் கைக்கு வந்தது. கூரை மடங்கும் வண்டி. கல்யாணத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் வாடகைக்குப் போகும். நீளம் மட்டும் ஐந்தேகால் மீட்டருக்கு மேல். குப்பத்தில் அதற்குப் பெயர் 'படகு கார்'. "படகுல இருந்து எறங்கி படகுலயே ஏறிட்டேன்" என்று நைனா சிரிப்பார்.

ஜானவாசத்தில் கார் எவ்வளவு வேகம் போகும்? நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகம். பல நேரம் அதுவும் இல்லை. இங்கேதான் சிக்கல். கார் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்டீயரிங் சுலபமாகத் திரும்பும். நிற்கிற மாதிரி ஊர்ந்தால், டயர் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் திரும்பும். ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி. மாட வீதியின் ஒவ்வொரு முனையிலும் செங்கோணத் திருப்பம். பவர் ஸ்டீயரிங் வேலை செய்தால் ஒரு விரல் போதும். செய்யாவிட்டால் தோள்பட்டைதான் பவர் ஸ்டீயரிங்.

நைனா மூன்று மாதமாகத் தோள்பட்டையால் ஓட்டியிருக்கிறார். எண்ணெய் கசிவதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை விற்றுவிடுவார்கள் என்று பயம்.

அந்தப் பயம் சரிதான். நான் போய்ப் பெரியவரிடம் சொன்னதும், "பார்ட்ஸ் எங்கம்மா கிடைக்கும்? தை பொறந்ததும் கொடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். மார்கழியில் கல்யாணம் இல்லை. ஆக, எங்களுக்கு ஒரு மாதம் இருந்தது. 56 வயதில் நைனாவுக்கு வேறு யார் வண்டி தருவார்கள்?

"நான் பாத்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. இன்டர்நெட்டில் கிடைக்காதது உண்டா என்ற திமிர்.

அன்று இரவே தேட ஆரம்பித்தேன். பவர் ஸ்டீயரிங்கின் கதை எனக்குப் பிடித்திருந்தது. லாரி இன்ஜினீயரான பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கர், எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கை இலகுவாக்க முடியும் என்று 1920-களிலேயே செய்து காட்டியிருக்கிறார். செலவு அதிகம் என்று கார் கம்பெனிகள் தள்ளிப்போட்டன. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்குத்தான் அது முதலில் பயன்பட்டது. விற்பனைக்கு வந்த காரில் முதன்முதலாக இடம்பெற்றது 1951-ல், கிறைஸ்லர் இம்பீரியலில். அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸும் இறங்கியது.

கதையைப் படித்த ஜோரில், 'இம்பாலா பவர் ஸ்டீயரிங் சீல் கிட்' என்று ஒன்றை அமெரிக்காவிலிருந்து ஆர்டர் செய்தேன். விலை, கப்பல் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்த்து என் பாதி மாதச் சம்பளம்.

மூன்றாவது வாரம் பார்சல் வந்தது. நைனாவுக்குத் தெரிந்த புதுப்பேட்டை மெக்கானிக் ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் 'பாய்'. கவரைப் பிரித்தார், ஒரு வளையத்தை விரலில் மாட்டிப் பார்த்தார், திரும்ப உள்ளே போட்டார்.

"பாப்பா, இது இந்த வண்டிக்கு இல்ல. வண்டிக்குக் கீழ குனிஞ்சு பாத்தியா?"

பார்க்கவில்லை. ஒரு தடவைகூட.

அட்டையை விரித்து என்னையும் கீழே படுக்க வைத்தார். டார்ச் அடித்துக் காட்டினார். 1965-லிருந்து பெரிய செவர்லேக்களில் பவர் அமைப்பு ஸ்டீயரிங் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. நான் வாங்கியது அதற்கான கிட். 1963 வண்டியில் எல்லாம் வெளியே தொங்குகிறது. இன்ஜின் பக்கத்தில் பம்ப். கீழே ஒரு வால்வு. அதிலிருந்து சக்கரத்தைத் தள்ளும் சிலிண்டர். இவற்றை இணைக்க நான்கு ஹோஸ்.

ஜர்னலிசம் டிப்ளமோவில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம், 'நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்'. பத்து நிமிடம் தரையில் படுக்க சோம்பேறித்தனப்பட்டு, சம்பளத்தில் பாதியைத் தொலைத்திருந்தேன். நைனா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

"விடு, கைல இருக்கறத வச்சு பாப்போம்" என்று பாய் கழற்ற ஆரம்பித்தார். சிலிண்டரின் ராடை வெளியே இழுத்துத் துணியால் துடைத்தார். பளபளப்பான குரோமில் சின்னச் சின்னப் புள்ளிகள். "உப்புக் காத்து கடிச்சிருக்கு. புது சீல் போட்டாலும் இந்தப் புள்ளி ரெண்டு மாசத்துல கிழிச்சிடும்." எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி வருடா வருடம் ஏன் அரிக்கிறதோ, அதே காரணம்தான். ராடு அம்பத்தூருக்குப் போய், ஹார்டு குரோம் பூசி, வழுவழுவென்று திரும்பி வந்தது.

பழைய சீல்களை வெர்னியரில் அளந்து, பாரிமுனையில் அதே அளவு ஆயில் சீலும் ஓ-ரிங்கும் வாங்கினோம். ஹோஸ்களுக்கு ஜே.சி.பி. ஹோஸ் போடும் கடைக்குப் போனோம். சாதாரண ரப்பர் குழாயும் கிளிப்பும் போட்டால் என்ன என்று கேட்டேன். "கார் டயர்ல காத்து 30 பவுண்டு. இதுல திருப்பும்போது ஆயிரம் பவுண்டு வரைக்கும் போகும். வாய்லயே வெடிக்கும்" என்றார் பாய்.

இந்த வண்டிகளுக்கு இங்கே எப்போதுமே பார்ட்ஸ் சுலபமாகக் கிடைத்ததில்லையாம். அந்தக் காலத்தில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. வெளிநாட்டுத் தூதரகங்கள் கொண்டுவந்த கார்கள், அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக ஏலத்தில் கைமாறும். வண்டி வரும், பார்ட்ஸ் வராது. அதனால் பாயின் குருநாதர்கள் பார்ட் நம்பரைத் தேடவில்லை, அளவைத் தேடினார்கள். இன்றைய கார்களில் பெரும்பாலும் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங். எண்ணெயும் இல்லை, ஹோஸும் இல்லை. பாயின் மகன் அதைத்தான் பார்க்கிறார்.

மார்கழி 28. எல்லாம் மாட்டியாகிவிட்டது. முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, இன்ஜினைப் போடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாகத் திருப்பச் சொன்னார் பாய். எண்ணெயில் குமிழி வரும். ஊற்ற வேண்டும். திரும்பத் திருப்ப வேண்டும். குமிழி நிற்கும் வரை இதே வேலை.

பிறகு சிலிண்டர் ராடின் முனையைக் கழற்றிவிட்டு, "இப்போ ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே" என்றார். நைனா ஸ்டார்ட் செய்தார். ஸ்டீயரிங்கை யாரும் தொடவில்லை. ராடு தானாக வெளியே நீண்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பாய் பதறவில்லை. வால்வின் முனையில் இருந்த மூடியை எடுத்து, உள்ளே இருந்த நட்டைக் கொஞ்சம் திருப்பினார். ராடு உள்ளே போனது. கொஞ்சம் எதிர்ப்பக்கம். வெளியே வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம். ராடு அசையாமல் நின்றது.

"இந்த நட்டு சரியில்லேன்னா வண்டி தானா ஒரு பக்கம் இழுக்கும். டிரைவர் நாள் பூரா அதோட மல்லுக்கட்டணும்" என்றார். நைனா தன் தோளைத் தடவிக்கொண்டார்.

நான் இதை வீடியோ எடுத்தேன். ரீல்ஸுக்காக இல்லை. இன்னொரு தடவை இந்த நட்டைத் திருப்ப பாய் இருப்பாரா என்று தெரியாததால்.

உங்கள் வீட்டிலும் எண்ணெய் பவர் ஸ்டீயரிங் உள்ள பழைய கார் இருக்கலாம். திருப்பும்போது முனகல் சத்தம் கேட்டாலோ, நிறுத்திய இடத்தில் கறை தெரிந்தாலோ உடனே காட்டுங்கள். கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். அப்போதுதான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். பார்ட் ஆர்டர் செய்வதற்கு முன் ஒருமுறை கீழே குனிந்து பாருங்கள்.

பெரியவர் வண்டியை இந்த வருடம் விற்கவில்லை. அடுத்த வருடம் தெரியாது. தை மாதத்தின் முதல் ஜானவாசத்துக்கு நானும் போயிருந்தேன். வடக்கு மாட வீதி முனையில் நாதஸ்வரம் நின்றது, வண்டியும் நின்றது. மறுபடி கிளம்பும்போது நைனா என்னைப் பார்த்து ஒரு விரலை மட்டும் ஸ்டீயரிங்கில் வைத்துத் திருப்பிக் காட்டினார்.

"ரெண்டு கையாலயும் புடி நைனா!" என்று கத்தினேன்.