காதால் ஆடும் சண்டை

வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு உட்காருவதுதான் என்னைப் போன்ற குடும்பஸ்தர்கள் கேம் ஆடும் லட்சணம். பெரும்பாலான கேம்களுக்கு அது போதும். ‘செகிரோ’வுக்குப் போதாது. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் அடிப்பக்கம் ஹெட்போன் செருகும் துளை இருக்கிறது. பழைய ஒயர் ஹெட்போன் ஒன்றை அதில் செருகிய ராத்திரிதான் எனக்கு அந்தக் கேம் பிடிபட ஆரம்பித்தது.

‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ 2019 மார்ச்சில் வந்தது. ‘டார்க் சோல்ஸ்’, ‘பிளட்போர்ன்’ ஆகியவற்றைச் செய்த அதே ஃப்ரம்சாஃப்ட்வேர், அதே இயக்குநர் ஹிடெடகா மியாசாகி. ஜப்பானின் செங்கோகு காலத்தின் கடைசிக் கட்டத்தில், அஷினா என்ற கற்பனை நாட்டில் நடக்கும் கதை. ஒரு கை போன ஷினோபி (நிஞ்ஜா) ஒருவன், தான் காக்க வேண்டிய சிறுவனை மீட்கக் கிளம்புகிறான். கதை அவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது இடது ஆள்காட்டி விரலைப் பற்றி.

அந்த விரல் இருப்பது எல்1 பட்டனில். எதிரியின் கத்தி வந்து விழும் கணத்தில் அழுத்தினால் அடியைத் தட்டிவிடலாம். முன்கூட்டியே அழுத்திப் பிடித்துக்கொண்டால் அது வெறும் தடுப்பு. உயிர் குறையாது, ஆனால் நிலை தடுமாறுவதைக் காட்டும் நம் ‘போஸ்ச்சர்’ கோடு ஏறும். எதிரிக்கும் அப்படி ஒரு கோடு உண்டு. அவன் அடிப்பதைச் சரியாகத் தட்டத் தட்ட அவனுடைய கோடு ஏறுகிறது. நிரம்பிவிட்டால் ஒரே குத்து, உயிர் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி. ஆக, இந்தக் கேமில் அடி வாங்கும் இடத்தில் நிற்பதே பாதி அடி.

தட்டியதற்கும் தடுத்ததற்கும் சத்தம் வேறு. சரியாகத் தட்டினால் இரும்பு ‘டிங்’ என்று கணீரெனக் கேட்கும். தடுத்தால் மந்தமாக விழும். பொறியின் அளவிலும் வித்தியாசம் உண்டுதான், ஆனால் ஏழெட்டு அடி தொடர்ந்து விழும்போது திரை முழுக்கப் பொறி. கண் எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. காது பிரித்துவிடுகிறது. மூன்றாவது அடி மந்தமாகக் கேட்டால் விரல் சீக்கிரம் போய்விட்டது என்று அர்த்தம். நான்காவதற்குள் அதைத் திருத்திக்கொள்ளலாம். பயத்தில் எல்1-ஐப் படபடவென்று அடிப்பவர்களுக்கும் கேம் ஒரு பாடம் வைத்திருக்கிறது: அடிக்க அடிக்க, தட்டுவதற்கான நேர இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ‘நமக்கு வயசாயிடுச்சு, கை வேகம் இல்ல’ என்று கேமைக் கைவிடுகிறவர்கள் முதலில் டிவியின் செட்டிங்ஸைப் பார்க்கட்டும். படத்தை அழகாக்குகிறேன் என்று டிவி செய்யும் வேலைகளால் சில சமயம் 100 மில்லிசெகண்ட் வரை படம் தாமதமாகத் திரைக்கு வரும். நொடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் அது ஆறு பிரேம். ‘கேம் மோட்’ போட்டால் அந்த வேலைகளில் பெரும்பாலானவை நின்றுவிடும். அதே கையை வைத்துக்கொண்டே ஆடலாம்.

இந்த விரலுக்கும் காதுக்கும் பெரிய பரீட்சை வைக்கும் எதிரி கெனிசிரோ, அஷினா கோட்டையின் உச்சியில் நிற்கிறான். செகிரோ ஆடியவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் ஒரு பெருமூச்சு வரும். வில்லும் கத்தியும் அவனிடம் உண்டு. துள்ளி மேலே போய் ஓங்கி ஒரு வெட்டு. அதைத் தட்டிய கையோடு திரையில் ஆபத்து என்று பொருள்படும் சிவப்பு ஜப்பானிய எழுத்து பளிச்சிடும், கூடவே ஒரு சத்தம். அடுத்து அவன் குத்தவும் செய்யலாம், காலடியில் வீசவும் செய்யலாம். இரண்டுக்கும் எழுத்து ஒன்று, சத்தமும் ஒன்று. இந்த ஓர் இடத்தில் காது கைவிட்டுவிடும். கத்தியைப் பின்னால் இழுக்கிறானா, உடம்பைத் தாழ்த்துகிறானா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கூக்ளி போடுகிறவனின் மணிக்கட்டைப் பார்ப்பது மாதிரி. வீச்சு என்றால் குதிக்கலாம். குத்து என்றால் வட்டப் பட்டனை அழுத்தி அவனை நோக்கியே போக வேண்டும். அதற்கான வித்தையைக் கற்றிருந்தால், நம் ஆள் அந்தக் கத்தியைக் காலால் மிதித்து நிறுத்துவான்.

அதே வட்டப் பட்டன்தான் விலகி ஓடுவதற்கும். என் அண்ணன் மகன் ‘டார்க் சோல்ஸ்’ வழி வந்தவன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “ரோல் பண்ணுங்க சித்தப்பா, ரோல் பண்ணுங்க!” என்று கத்திக்கொண்டே இருப்பான். அந்தக் கேமில் உருண்டால் தப்பிக்கலாம். கெனிசிரோவிடம் விலகினால் அவன் வில்லை எடுப்பான். நாம் மூச்சு வாங்கும் நேரத்தில் அவன் போஸ்ச்சரும் இறங்கிவிடும். அது வேகமாக இறங்காமல் இருக்க ஒரு வழி, முதலில் அவன் உயிரைக் கொஞ்சம் குறைப்பது. அடிபட்ட எதிரிக்கு நிலை மீள நேரமாகும். இரண்டு முறை விழுந்த பிறகும் அவன் கவசத்தைக் கழற்றிவிட்டு மின்னலோடு எழுந்து வருவான். மின்னல் வரும்போது குதித்து அதை அந்தரத்தில் வாங்கி, கால் தரையில் படுவதற்குள் அவன் மேலேயே திருப்பிவிட வேண்டும். தரையில் நின்று தடுத்தால் தீர்ந்தது.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றால், கேமில் வரும் ஒரு பாழடைந்த கோயிலுக்கு வெளியே ஹான்பேய் நிற்கிறான். சாக முடியாதவன். எத்தனை முறை வெட்டினாலும் எழுந்து நின்று அடுத்த பாடத்துக்குத் தயாராவான். கேமில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவன்தான்.

கஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கலாமே என்று கேம் வந்த புதிதில் பெரிய சண்டை நடந்தது. ‘ஈஸி மோட்’ வந்தால் மதிப்பு போய்விடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2018-இல் வந்த ‘செலஸ்ட்’டில் கேமின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம், கஷ்டமாக ஆட நினைத்தவர்கள் கஷ்டமாகவே ஆடினார்கள். காது கேளாத ஒருவர் ‘செகிரோ’வை ஆடினால், நான் மேலே சொன்ன உதவியில் பெரும்பகுதி அவருக்குக் கிடைக்காது. அவருக்கு ஒரு கதவைத் திறந்துவைப்பதால் என் ‘டிங்’ ஒன்றும் மங்கிவிடாது.

கெனிசிரோவைக் கேமின் தொடக்கத்திலேயே ஒரு முறை சந்திக்கிறோம். நாயகன் கையை இழப்பது அந்தச் சண்டையில்தான். முதல் முறை ஆடுபவர்கள் அநேகமாக அங்கே தோற்பார்கள். தோற்றால்தான் கதை நகரும் என்றும் நினைத்துக்கொள்வார்கள். கேமை முடித்துவிட்டு மறுபடி தொடங்கினால் அவனை அங்கேயே நன்றாக அடிக்கலாம். நானும் அடித்தேன். ஜெயித்த அடுத்த கணம் எங்கிருந்தோ ஒரு ஆயுதம் பறந்து வருகிறது, நாயகன் அதைத் தட்டுகிறான், அந்தச் சந்தில் கெனிசிரோ கையை வெட்டிவிடுகிறான்.

“என்ன சித்தப்பா இது, ஜெயிச்சும் கைய வெட்டிட்டானே!” என்று அண்ணன் மகன் கொதித்துப்போனான். இந்த இரண்டாவது சுற்றில் குரோ என்ற அந்தச் சிறுவனிடம் அவன் கொடுத்த தாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டால் வெறும் தடுப்புக்கும் உயிர் குறையும். சரியாகத் தட்டினால் மட்டுமே தப்பலாம். நான் கொடுத்துவிட்டேன். அண்ணன் மகன் தலையில் அடித்துக்கொண்டான்.