டேங்க் மூடி

சங்ககிரியில் முப்பது வருஷத்துக்கு மேல் லாரிப் பட்டறை வைத்திருந்தவன் நான். இன்ஜின் வேலைக்கு என்று வெளியூரிலிருந்தும் என்னைத் தேடி வருவார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் துரோகம் செய்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1994-ஆம் ஆண்டு. வந்தது, முகப்பில் நட்சத்திர முத்திரை உள்ள பழைய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி. 1969-இல் இரு கம்பெனிகளின் கூட்டு முடிவதற்கு முன் ஜாம்ஷெட்பூரில் செய்த ஆறு சிலிண்டர் டீசல் வண்டி. முதலாளியே டிரைவர்.

“மேஸ்திரி, சத்தியமங்கலத்துல டேங்க் நிறைய டீசல் போட்டுட்டுக் கிளம்புனா பண்ணாரி வரைக்கும் நல்லா இழுக்குதுங்க. திம்பம் மலைப்பாதையில பாதி வளைவு ஏறுனதும் இழுவை செத்துப் போகுது. அரை மணி ஓரங்கட்டிப் போட்டா மறுபடி ஏறுது” என்றார்.

கோளாறு என்னவென்று அவரே சொல்லிவிட்டார். நான்தான் காதில் வாங்கவில்லை. ஓடும் இன்ஜினின் ஆயில் மூடியைத் திறந்தேன், புகை வந்தது. “ரிங் போயிருச்சுங்க, ரீபோர் பண்ணணும்” என்று சொல்லிவிட்டேன். அந்த வயது இன்ஜினில் கொஞ்சம் புகை வரத்தான் செய்யும். கம்ப்ரஷன் கேஜ் அலமாரியிலேயே கிடந்தது. சைலன்சர் புகை என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை. காற்று போதாவிட்டால் கறுப்புப் புகை வரும். ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் நீலப் புகை வரும். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் முதலில் டீசல் வரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜினை இறக்கினேன். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டேன். பம்பைக் காலிபரேஷனுக்கு அனுப்பினேன். வண்டி 18 நாள் பட்டறையில் நின்றது. அவருக்கு பைனான்ஸ் தவணை தவறிப்போனது.

லோடோடு திம்பத்தில் ஓட்டிப் பார்க்க நானும் போனேன். அங்கே மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டாவது வளைவில் அதே கோளாறு. இறங்கி டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பழைய மூடி எப்போதோ தொலைந்து, அந்த இடத்தில் மூச்சுத்துளை இல்லாத மூடி ஒன்றை யாரோ போட்டிருக்கிறார்கள். டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிறது. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் கொஞ்சம்தான் என்பதால் அது சீக்கிரமே வலுத்துவிடும். பிறகு ஃபீட் பம்பால் டீசலை இழுக்க முடியாது. வண்டியை நிறுத்தி வைத்தால், இண்டு இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய்ச் சரியாகிவிடும். மூடியைத் தளர்த்தி வைத்தேன். வண்டி மேலே வரை ஒரே மூச்சில் ஏறியது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் காரணம் கேட்டார். “ரிங் இப்பத்தாங்க செட் ஆகுது” என்றேன். பட்டறைக்கு வந்ததும் அவர் பார்க்காத நேரத்தில் மூடியில் துளை போட்டேன். அவர் கும்பிட்டுவிட்டு மீதிப் பணத்தைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கோளாறைத் தப்பாகக் கணித்தது என் அவசரம். எந்த மெக்கானிக்குக்கும் அது நேரலாம். தெரிந்த பிறகும் பொய் சொல்லிக் காசு வாங்கியதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அவர் கடைசி வரை என்னையே நம்பி வந்தார். இப்போது அவர் உயிரோடு இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வண்டி இழுக்கவில்லை என்று வந்தால், ஸ்பேனரைத் தொடும் முன் டிரைவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். டேங்க் மூடி, டீசல் பைப், ஃபில்டர், ஏர் கிளீனர், ஆக்சிலரேட்டர் கம்பி என்று செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள். கணிப்பு தப்பிவிட்டால், வண்டி பட்டறையை விட்டுப் போகும் முன்பே அதை உரியவரிடம் சொல்லிவிடுங்கள்.