நிலாவுக்கு ஃப்ளாஷா?

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள். தலைக்கு மேல் மொபைல்கள்! என் முன்னால் போன இளைஞர், சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலாவுக்கு ஃப்ளாஷ் அடித்தார். விழுந்தது வெள்ளைப் பொட்டு.

"நடக்க முடியாத அம்மாவுக்கு அனுப்பணும் சார். போன் சரியில்லை!"

போன் என்ன செய்யும், பாவம்? சுற்றிலும் இருட்டென்று வெளிச்சத்தைக் கூட்டுகிறது. நிலாவோ வெயிலில் காயும் பாறை!

ஃப்ளாஷை அணைத்து, திரையில் நிலாவைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னேன். விளக்குக் கம்பத்தில் கையை ஊன்றி எடுத்தார். கறைகூடத் தெரிந்தது. படம் அம்மாவுக்குப் பறந்தது.

மலையோடு நிலா வேணுமா? மேற்கே ஆதி அண்ணாமலை பக்கம் நில்லுங்க. கிழக்கே உதிக்கும் நிலா, மலையைத் தாண்டித் தாமதமாகத்தான் எட்டிப்பார்க்கும். அதுவரை ஒரு சுக்குக் காபி!