பொரளையின் கட்டடங்களும் ஒரு களஞ்சிய அறையும்

கடந்த மாதம் கனடாவிலிருந்து வந்திருந்த பள்ளித் தோழர் ஒருவர், தாம் பிறந்து வளர்ந்த பொரளையை ஒருமுறை நடந்தே சுற்றிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பொரளைச் சந்தியில் தேநீர் அருந்திவிட்டுப் புறப்பட்டோம். பத்து நிமிடங்கள் நடப்பதற்குள், "எல்லாம் போய்விட்டது மச்சான். இது எங்கள் பொரளை இல்லை. எங்கு பார்த்தாலும் கொங்கிறீற்றும் கண்ணாடியுந்தான்" என்று சலித்துக்கொண்டார்.

வெளிநாடுகளிலிருந்து வரும் நண்பர்கள் பெரும்பாலும் கூறுகின்ற வார்த்தைகள்தாம் இவை. அவர்களுடைய துயரம் எனக்குப் புரிகின்றது. ஆயினும் அதனை முழுமையாக ஏற்றுக்கொள்ள என்னால் முடிவதில்லை. முதலாவது காரணம், நான் இன்று குடியிருப்பதும் அத்தகைய ஒரு தொடர்மாடியின் ஆறாவது மாடியில்தான். இரண்டாவது காரணம், பொரளையின் பழைய கட்டடங்கள் எல்லாம் போய்விடவும் இல்லை. நின்றுகொண்டிருப்பவை எல்லாம் இனிய நினைவுகளைத் தருபவையும் அல்ல.

நண்பரை முதலில் பேஸ்லைன் வீதியிலுள்ள வெஸ்லி கல்லூரிக்கு முன்னால் நிறுத்தினேன். 1874 ஆம் ஆண்டில் புறக்கோட்டையின் டாம் வீதியில் ஆரம்பிக்கப்பட்ட அக்கல்லூரி, 1907 ஆம் ஆண்டில்தான் பொரளைக்கு வந்தது. அன்றைய அதிபர் ஹைஃபீல்ட் பாதிரியார் நாடெங்கும் அலைந்து பணம் திரட்டியதன் பயனாகவே இப்புதிய வளாகம் எழுந்தது. புறக்கோட்டையின் நெரிசலிலிருந்து விலகி, மாணவர்களுக்குக் காற்றும் வெளிச்சமும் விளையாட்டு மைதானமும் வேண்டும் என்பது அவருடைய எண்ணமாக இருந்தது. இன்று நாம் 'பழைமை' என்று போற்றுகின்ற இக்கட்டடம், எழுந்த நாளில் புதுமையாகவே இருந்தது என்பதை நண்பருக்கு நினைவூட்டினேன்.

அங்கிருந்து திரும்பி, வார்ட் பிளேஸ் வழியாக லிப்டன் சுற்றுவட்டம் வரையில் நடந்தோம். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்டது போன்ற சுவர்களுடன் நிற்கும் விக்டோரியா ஞாபகார்த்தக் கண் வைத்தியசாலைக் கட்டடத்தைக் கொழும்பில் அறியாதவர் இலர். எட்வர்ட் ஸ்கின்னர் என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம் அது. கோட்டையிலுள்ள கார்கில்ஸ் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. பிரித்தானியர் ஒருவர் இந்திய முகலாய வளைவுகளை இரவல் வாங்கி, ஓர் இங்கிலாந்து அரசியின் பெயரால், இலங்கையின் ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை கட்டியிருக்கின்றார். எது உள்நாடு, எது வெளிநாடு என்று அக்கட்டடத்தில் பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

தோற்றத்தை மாத்திரம் பார்த்துவிட்டுக் கடந்துசெல்பவர்கள் தவறவிடும் கட்டடம் ஒன்றும் பொரளையில் உண்டு. அதுதான் கோதமி விகாரை. பெரும் தோற்றப்பொலிவு எதுவும் அதற்கு வெளியே இல்லை. உள்ளே சென்றால், 1939, 1940 ஆம் ஆண்டுகளில் ஜோர்ஜ் கீற் தீட்டிய புத்தரின் வாழ்க்கைச் சித்திரங்கள் சுவர்களை நிறைத்திருக்கின்றன. பறங்கியர் சமூகத்தில் பிறந்து, ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் கீற். பிக்காசோவின் கோடுகளையும் நமது மரபுச் சுவரோவியங்களின் கோடுகளையும் ஒரே சுவரில் சேர்த்து வைத்தவர். பல ஆண்டுகள் இப்பகுதியில் வாழ்ந்தும் அவ்விகாரையினுள் ஒருபோதும் நுழைந்ததில்லை என்று நண்பர் வெட்கத்துடன் கூறினார். நானும் முதன்முதலாக நுழைந்தபோது நாற்பது வயதைக் கடந்திருந்தேன்.

நவீன கட்டடங்கள் என்றதுமே முகம் சுளிக்க வேண்டியதில்லை. பொரளையை அடுத்துள்ள கிரகெரி வீதியில் 1957 ஆம் ஆண்டளவில் எழுந்த சேனநாயக்க தொடர்மாடியை வடிவமைத்தவர் மினெற் டி சில்வா. 1948 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினராகிய முதலாவது ஆசியப் பெண் அவர். ஐரோப்பாவின் புதிய கட்டடக்கலையை நமது வெயிலுக்கும் மழைக்கும் கைவினைகளுக்கும் ஏற்றவாறு எவ்வாறு இசைவிப்பது என்று சிந்தித்தவர். 1998 இல் அவர் காலமானார். அவர் கட்டிய வீடுகள் பல இன்று இடித்தொழிக்கப்பட்டுவிட்டன. பழைமை என்று காப்பதற்கு வயது போதாது. புதுமை என்று போற்றுவதற்குக் காலம் கடந்துவிட்டது. இடைக்காலக் கட்டடங்களின் தலைவிதி இதுதான்.

வனாத்தமுல்லைப் பக்கத்தில் நிற்கின்ற சஹஸ்புர தொடர்மாடியைக் கண்டதும், "இதிலே இரசிப்பதற்கு என்ன இருக்கின்றது?" என்று நண்பர் கேட்டார். 2001 ஆம் ஆண்டில், கொழும்பின் குடிசைப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களுக்கென 671 வீடுகளுடன் கட்டப்பட்டது அது. மாடிகள் தோறும் துணிகள் காய்கின்றன. அறைகள் சிறியவை என்ற குறை அங்கு வாழ்வோருக்கு உண்டு. ஆனால் மழைக்கால இரவில் தகரக்கூரை ஒழுகுமே என்ற அச்சமின்றிப் பிள்ளை ஒன்று பாடம் படிக்கின்ற வீட்டை, அழகில்லை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

இதுவரை கூறியவை எல்லாம் எளிதாகக் கூறக்கூடியவை. பேஸ்லைன் வீதியில் வெலிக்கடைச் சிறைச்சாலையின் மதிலோரமாக நாங்கள் நடந்தபோது, இருவரும் பேச்சை நிறுத்தினோம்.

1841 ஆம் ஆண்டில் பிரித்தானியரால் கட்டப்பட்ட சிறைச்சாலை அது. கட்டடக்கலை மாணவர் ஒருவர் அதன் சிலுவை வடிவக் கட்டடத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடும். எனக்கு அக்கட்டடம் என்றால் 1983 ஆம் ஆண்டு ஜூலை 25, 27 ஆம் திகதிகள்தாம். முதல் நாளில் 35 பேர், அடுத்து 18 பேர் என 53 தமிழ்க் கைதிகள் அங்கு கொல்லப்பட்டனர். சிங்கள மக்களுக்கும் அம்மதில்களுக்குள் ஒரு காயம் உண்டு. 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆங்கிலேயர் ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரைச் சுட்டுக்கொன்றதும் அங்குதான். 2012 நவம்பரிலும் 27 கைதிகள் அங்கு உயிரிழந்தனர். சிறைச்சாலையை ஹொரணைக்கு மாற்றும் யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகின்றது. அவ்வாறு மாற்றப்பட்டால் அப்பெறுமதிமிக்க நிலத்தில் என்ன எழும் என்று எவரும் ஊகிக்கலாம். அச்சிலுவை வடிவக் கட்டடம் இடிக்கப்படக்கூடாது என்பதே என் விருப்பம். அது அழகானது என்பதற்காகவோ, நூறு ஆண்டுகளைக் கடந்தது என்பதற்காகவோ அன்று. சாட்சி சொல்ல அதனைவிட வேறு எதுவும் எஞ்சியிருக்கவில்லை என்பதற்காகவே.

1983 ஜூலை 23 ஆம் திகதி திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 படைவீரர்களின் இறுதிக் கிரியைகளுக்காக, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை கனத்தை மயானத்தில் பெருங்கூட்டம் திரண்டது. அங்கிருந்து கிளம்பிய தீ முதலில் பற்றியது பொரளையில்தான். எனக்கு அப்போது பதினான்கு வயது. கொட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், வாடகை வீடொன்றில் வாழ்ந்தோம். ஓட்டுக்கூரை, முன்பக்கம் ஒரு விறாந்தை, சிவப்புச் சீமெந்துத் தரை. அன்றிரவு அது எரிந்தது. அது எரிவதை நாங்கள் பார்க்கவில்லை; புகையை மட்டுமே முகர்ந்தோம். ஏனெனில் அப்போது நாங்கள் ஐந்து பேரும் பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரியின் களஞ்சிய அறையில் ஒளிந்திருந்தோம். செவ்வாய்க்கிழமை காலையில் அவருடைய மூத்த மகன் எங்களைப் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதிமுகாமில் கொண்டுசென்று சேர்த்தார்.

நண்பருடைய கதையும் ஏறத்தாழ இதுதான். அவருடைய குடும்பம் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்று, பின்னர் கனடாவை அடைந்தது. நான் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, பத்திரிகைத் தொழிலுக்காகக் கொழும்புக்குத் திரும்பினேன். வெள்ளவத்தையில்தான் தமிழன் வீடு பார்க்க வேண்டும் என்று உறவினர் வற்புறுத்தியும், சில ஆண்டுகளின் பின் பொரளைக்கே குடிவந்தேன். அதற்கான காரணத்தை இன்றுவரை எவருக்கும் சரியாக விளக்க முடியவில்லை.

நடையின் இறுதியில் அந்த ஒழுங்கைக்குள் நுழைந்தோம். எங்கள் வீடு இருந்த இடத்தில் ஒன்பது மாடிக் கட்டடம் நிற்கின்றது. பக்கத்தில் அன்ரியின் வீடு அப்படியே இருக்கின்றது. அன்ரி காலமாகி நெடுநாளாகின்றது. மூத்த மகன் வாயிலில் நின்றிருந்தார். எழுபது வயதைக் கடந்துவிட்ட அவரை நான் இன்றும் 'ஐயே' என்றுதான் அழைப்பேன். அவருக்கு நான் இன்றும் 'மல்லி'.

"மல்லி, வீட்டை விற்கப்போகின்றோம். பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். ஓடு மாற்றக்கூட என்னால் முடியவில்லை. வாங்குகிறவர்கள் இடிக்கத்தான் போகின்றார்கள்" என்றார். சற்று நேரம் கழித்து, "உமக்கு மனவருத்தம் இல்லையே?" என்று கேட்டார்.

என்ன பதில் சொல்வது? அவருடைய வீடு அது. அவருக்கு முதுமை, பணம் தேவை. தொடர்மாடியில் வாழ்கின்ற நான், இடிக்காதீர்கள் என்று எந்த வாயால் கேட்பது? இல்லை ஐயே என்றேன். பின்னர், களஞ்சிய அறையை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன்.

அரிசி மூட்டைகளும் தேங்காய்களும் இருந்த அவ்வறையில் இப்போது உடைந்த கதிரைகள் கிடக்கின்றன. வாசலில் நின்ற நண்பர் உள்ளே வரவில்லை. நான் காலடிகளால் அளந்து பார்த்தேன். ஏறத்தாழ ஆறடிக்கு எட்டடி. கூரைக்கு அருகில் கையகலச் சாளரம் ஒன்று. அதனூடாகத்தான் அன்றிரவு புகை வந்தது. அன்ரி அதனை ஈரத்துணியால் அடைத்ததும் எனக்கு நினைவிருக்கின்றது. நான்கு சுவர்களுக்கும் இரவு முழுவதும் கேட்கும்படியாக அவர் முன்விறாந்தையிலிருந்து பிரித் ஓதிக்கொண்டிருந்தார்.

இவ்வறையை வடிவமைத்த கட்டடக் கலைஞர் எவருமில்லை. எந்தத் தொல்பொருட் சட்டமும் இதனைக் காக்கப்போவதில்லை. எரித்தவர்களைப் பற்றி ஆணைக்குழு அறிக்கைகளிலும் நூல்களிலும் எழுதியாயிற்று. ஐந்து பேரை இரண்டு இரவுகள் காத்த ஆறடிக்கு எட்டடி அறையைப் பற்றி எங்கும் பதிவில்லை. வரும் தை மாதத்துக்குப் பின் அறையும் இருக்காது. ஆகவே இங்கே எழுதி வைக்கின்றேன்.

இதனை வாசிக்கின்ற நண்பர்களே, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், உங்களைக் காத்த ஒரு வீடோ அறையோ எங்காவது இருந்திருக்கும். அதன் நீள அகலத்தையாவது எழுதி வையுங்கள்.